மழலையரை ஏந்தும் கரங்களை மதிக்கிறோமா?



ஜூன் மாதக் காலை வேளையில் நம் ஊர்த் தெருக்களில் நின்று பார்த்தால் இரண்டு குழந்தைகளைக் காணலாம். டை கட்டி, ஷூ மாட்டி, தன் முதுகைவிடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு பள்ளி வேனுக்காகக் காத்து நிற்கும் மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று. அதே தெருவின் கோடியில், பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து, கையில் ஒரு தட்டோடு பால்வாடிக்குப் போகும் மூன்றரை வயதுக் குழந்தை மற்றொன்று. இருவரும் ஒரே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்களின் கல்விப் பயணம் வெவ்வேறு வாசல்களில் தொடங்குகிறது.

அண்மையில் ஓர் அன்பியக் கூட்டம் முடிந்தபின் இரண்டு தாய்மாரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் சொன்னார்: "படிக்கிறதுக்கு இல்ல ஃபாதர். சும்மா ஆயாம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறேன். சோறும் முட்டையும் கிடைக்குது. அடுத்த வருசம் இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுருவேன்." மற்றவரின் குறை வேறு: "ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கிக்கிறாங்க ஃபாதர். ஒரு வாரமா நோட்டுல ஒரு எழுத்துகூட இல்ல. கேட்டா விளையாட்டு வழியா சொல்லிக் குடுக்குறோம்னு சொல்றாங்க. விளையாடத்தான்னா வீட்டுலயே விளையாடுவானே?"

இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "உங்கள் பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கிறாரே, அவருடைய பெயர் என்ன?" முதல் தாய் "ஆயாம்மா" என்றார். இரண்டாம் தாய் "எல்.கே.ஜி. மிஸ்" என்றார். இருவருக்குமே பெயர் தெரியவில்லை.

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் நாம் பெற்றெடுத்த குழந்தையை, வாய்விட்டுத் தன் குறையைச் சொல்லத் தெரியாத வயதில், யாரிடம் ஒப்படைக்கிறோமோ அவருடைய பெயர்கூட நமக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பணியை நாம் எப்படிப் பார்க்கிறோம்? இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

தோட்டமும் முற்றமும்

எல்.கே.ஜி. என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். அதில் வரும் கே.ஜி. என்பது கிண்டர்கார்டன். ஜெர்மானியக் கல்வியாளர் பிரடெரிக் புரோபெல் 1840-இல் தம் மழலையர் கூடத்துக்கு வைத்த பெயர் அது. 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். அங்கன்வாடி என்ற சொல்லில் உள்ள 'அங்கன்' என்பது வீட்டு முற்றத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரத்தின் கோஸ்பாட் பகுதியில் பழங்குடிக் குழந்தைகளிடையே பணியாற்றிய தாராபாய் மோடக், பிள்ளைகள் பள்ளியைத் தேடி வராதபோது, பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். அவருக்கு 1962-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

ஒன்று தோட்டம், மற்றொன்று முற்றம். இரண்டிலுமே கரும்பலகையும் பரீட்சையும் இல்லை. மழலைக் கல்வியைத் தொடங்கியவர்கள் குழந்தை ஓடி ஆடி வளரும் இடத்தைத்தான் மனத்தில் கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பெயர் ஒன்று இன்று நம் நகரங்களில் பலகைகளில் மின்னுகிறது: மாண்டிசோரி. இது வசதி படைத்தவர்களுக்கான கல்வி என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் இத்தாலிய மருத்துவரும் கத்தோலிக்கருமான மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். நாள் 1907 சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. பெற்றோர் கூலி வேலைக்குப் போனபின் கவனிப்பார் இன்றித் திரிந்த பிள்ளைகளே அங்கு வந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள முதலில் அமர்த்தப்பட்டவர் அக்கட்டடக் காவலாளியின் மகள். அவர் பட்டம் பெற்ற ஆசிரியை அல்லர். அவருடைய கைகளில்தான் உலகப் புகழ்பெற்ற அந்தக் கல்வி முறை கண் திறந்தது.

அதே மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரினால் நாடு திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கும் குழந்தைகளைக் கூர்ந்து கவனிப்பதே அவருடைய வேலையாக இருந்தது. நம் தமிழ் மண்ணுக்கும் மழலைக் கல்விக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழையது.

'சோறு போடும் இடம்' என்னும் பார்வை

இனி முதல் தாயின் வார்த்தைகளுக்கு வருவோம். "படிக்கிறதுக்கு இல்ல ஃபாதர்." இது அவர் ஒருவரின் கருத்து அல்ல. தமிழகக் கிராமங்களில் பரவலாகக் கேட்கும் பேச்சு.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1980-இல் உலக வங்கியின் உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பசியும் எடைக்குறைவும் குழந்தைகளைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. எனவே மக்களின் மனத்தில் பால்வாடி என்றால் உணவு என்று பதிந்ததில் வியப்பில்லை. அந்த உணவு எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய பதிவு இன்னும் மாறாததுதான் வருத்தம். தமிழகத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அங்கே ஒரு பணியாளர் செய்யும் வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு மூலம் முன்பருவக் கல்வி தர வேண்டும். மாதந்தோறும் எடையும் உயரமும் அளந்து பதிய வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று ஆலோசனை சொல்ல வேண்டும். தடுப்பூசி நாளில் கிராமச் சுகாதாரச் செவிலியருக்குத் துணை நிற்க வேண்டும். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் இவற்றையெல்லாம் கைபேசி வழியே பதிவேற்ற வேண்டும். தேர்தல் வந்தால் பலர் வாக்காளர் பட்டியலோடும் அலைகிறார்கள். சமையலையும் துப்புரவையும் கவனிக்கும் உதவியாளர் ஓரிடத்தில் இல்லாவிட்டால் அதுவும் பணியாளரின் தலையிலேயே விழுகிறது.

இத்தனையும் செய்கிறவரை நாம் 'ஆயா' என்கிறோம். ஆயா என்பது இழிவான சொல் அல்ல. ஆனால் அதைச் சொல்லும் தொனி இருக்கிறதே, அதில்தான் நம் உள்ளம் வெளிப்படுகிறது. உதவியாளரைக் கூப்பிடும்போது அந்தத் தொனி இன்னும் தாழ்ந்துவிடுகிறது.

இன்னும் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அவர் இடமாற்றம் செய்யப்பட்டு, பின்னர் எழுந்த கண்டனத்தால் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அது பெரிய பிள்ளைகளின் பள்ளி. ஆனால் யார் கையால் நம் பிள்ளை சாப்பிடுகிறது என்று சாதி பார்க்கும் மனம் அங்கன்வாடியின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. சில ஊர்களில் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதற்கு உரக்கச் சொல்லப்படாத காரணமாக இது இருக்கிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம் இதில் மௌனமாக இருக்க முடியாது.

'பணம் கட்டினோம், பாடம் எங்கே?' என்னும் பார்வை

இரண்டாம் தாயின் கவலை வேறு விதமானது. அவர் தம் பிள்ளையின் கல்வியைப் பற்றி அக்கறை இல்லாதவர் அல்லர். அக்கறை மிகுந்தவர். கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறார். தமக்குக் கிடைக்காத ஆங்கிலம் தம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறார். அந்த ஆசையை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆங்கிலம் தெரியாததால் நேர்முகத் தேர்வில் கூனிக் குறுகி நின்ற தந்தையின் வலி அதற்குள் இருக்கலாம்.

ஆனால் அந்த அக்கறை தவறான அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. நோட்டில் எத்தனை பக்கம் எழுதினான், எத்தனை ரைம்ஸ் ஒப்பிக்கிறாள் என்பதே அளவு. மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் பென்சிலைப் பிடித்து எழுதும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. களிமண் பிசைவதும், மணி கோப்பதும், மணலில் கோடு இழுப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் அந்த விரல்களை ஆயத்தப்படுத்துகின்றன. வரிசையில் நிற்பதும், பொம்மையைப் பகிர்வதும், 'தண்ணி வேணும்' என்று தானே கேட்பதும், கோபம் வந்தால் கடிக்காமல் இருப்பதும் அந்த வயதின் பெரிய பாடங்கள். இவை எதுவும் நோட்டில் வராது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைக் கல்வியாளர்கள் அடிக்கடி நினைவுகூருவார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 58 பேர் நல்ல மழலையர் பள்ளிக்குச் சென்றார்கள், 65 பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதலில் கிடைத்த அறிவுத்திறன் மதிப்பெண் வேறுபாடு சில ஆண்டுகளிலேயே மறைந்துபோனது. பலரும் திட்டம் வீணாயிற்று என்று நினைத்தார்கள். ஆனால் அவர்களை 40 வயது வரை தொடர்ந்து கவனித்தபோது, மழலையர் பள்ளிக்குச் சென்றவர்களில் அதிகம் பேர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகவே கைது செய்யப்பட்டிருந்தார்கள். மதிப்பெண் மறைந்த பின்னும் ஏதோ ஒன்று உள்ளே நிலைத்திருந்தது.

அந்தப் பள்ளியில் வேறொன்றும் நடந்தது. ஆசிரியை வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று, தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஆசிரியையும் தாயும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். நம் இரண்டு தாய்மாருக்கும் இல்லாமல்போனது இதுதான்.

இன்று தனியார் மழலையர் பள்ளிகளில் பெற்றோருக்கும் ஆசிரியைக்கும் இடையிலான உறவு எப்படி இருக்கிறது? பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. பிள்ளையின் தண்ணீர் பாட்டில் காணோம் என்றால் இரவு பத்து மணிக்குச் செய்தி வருகிறது. முழங்காலில் சிறு சிராய்ப்பு என்றால் 'என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க?' என்ற அதட்டல் வருகிறது. 'இன்று என் மகள் முதல்முறையாகத் தானே சாப்பிட்டாள், நன்றி மிஸ்' என்ற செய்தி எத்தனை முறை வந்திருக்கும்? நாம் கட்டும் பணத்தில் அந்த ஆசிரியையின் கைக்குப் போவது எவ்வளவு என்று கேட்டிருக்கிறோமா? பல இடங்களில் அது கட்டட வேலைக்குப் போகும் ஒருவரின் கூலிக்கும் குறைவு.

சட்டத்தின் கண்ணிலும் பாதி வெளிச்சம்

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாடே இந்த வயதையும் இந்தப் பணியையும் அரைக் கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறது.

2002-இல் வந்த அரசியலமைப்பின் 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கோ, 45-ஆவது பிரிவின்படி, அரசு முயற்சி எடுக்கும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதே வழியில் சென்றது. 2020-இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றித் தமிழகத்தில் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று அதுவே சொல்கிறது. இவ்வளவு முக்கியமான வயது சட்டப்படியான உரிமைக்கு வெளியே நிற்பது பெரிய முரண்பாடு.

பணியாளர்களின் நிலையும் அப்படியே. அவர்களுக்கு மத்திய அரசு தருவதன் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அது பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழகத்தில் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு என்பது ஆறுதல். ஆயினும் அரசு ஊழியராக அங்கீகரிக்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை பல்லாண்டுகளாகத் தெருவில் ஒலிக்கிறது.

2006-இல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று சொன்னது. பல காலம் ஊழியம் செய்துவிட்டு ஓய்வு பெற்ற பெண்கள், தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்க நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 'சேவைதானே' என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைப்பது நம் நாட்டுக்குப் பழகிப்போன வழக்கம்.

பெற்றோரின் அச்சத்திலும் நியாயம் உண்டு

இவ்வளவு சொன்னபின் பெற்றோரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். 2004 சூலை 16, கார்மேல் அன்னையின் திருநாள். அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகி மாண்டதை நாம் மறக்க முடியுமா? மழலையர் பள்ளி உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் அந்த நெருக்கடியான கட்டடத்தில் நடந்துவந்தன. மேல்தளத்தில் ஓலைக் கூரை. சமையலறையில் பிடித்த தீ அங்கே பரவியது. அதன்பிறகுதான் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன.

நம்பி ஒப்படைத்த இடம் பிள்ளைகளைக் காக்கத் தவறியது. எனவே பெற்றோர் கேள்வி கேட்பது குற்றமாகாது, கடமை. சுற்றுச்சுவர் இல்லாத அங்கன்வாடிகள், தண்ணீர் வராத கழிப்பறைகள், பணியிடம் காலியாக இருப்பதால் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைக் கவனிக்கும் நிலை, பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் செயலியோடு போராட வேண்டிய கட்டாயம், இவையெல்லாம் உண்மையான குறைகள். பிள்ளையை அடிப்பதும் அச்சுறுத்துவதும் நடந்தால் அதை மூடி மறைக்கவும் கூடாது. மரியாதை என்பது கண்ணை மூடிக்கொள்வது ஆகாது.

ஆனால் நாம் கேட்கும் கேள்விகள் சரியானவையா? 'இங்கிலீஷ் சொல்லித் தருவீர்களா?' என்று கேட்கும் நாம், 'வெளியேற எத்தனை வாசல்? ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள்? மதியம் தூங்க இடம் உண்டா? அழுதால் யார் தூக்குவார்கள்?' என்று கேட்பதில்லை. சரியான கேள்விகளைக் கேட்கும் பெற்றோர், பிள்ளைக்கும் ஆசிரியைக்கும் ஒருசேர நன்மை செய்கிறார்கள். ஏனென்றால் ஒருவர் 50 பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டும் என்றால் துன்பப்படுவது அவரும்தான், பிள்ளைகளும்தான்.

இறைவார்த்தை காட்டும் மூன்று பெண்கள்

திருவிவிலியம் இப்பணியை எப்படிப் பார்க்கிறது? மூன்று காட்சிகளை நினைத்துப் பார்ப்போம்.

முதல் காட்சி நைல் நதிக்கரையில். பார்வோனின் மகள் ஆற்றில் கண்டெடுத்த குழந்தையைப் பாலூட்டி வளர்க்க ஒரு பெண்ணிடம் கொடுக்கிறார். வளர்ப்பதற்குக் கூலி தருவதாகவும் சொல்கிறார் (விடுதலைப் பயணம் 2:9). அந்தப் பெண் மோசேயின் சொந்தத் தாய் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் குழந்தையை வளர்ப்பது ஊதியத்துக்குரிய உழைப்பு என்பது இஸ்ரயேலரை ஒடுக்கிய மன்னனின் மகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இரண்டாம் காட்சி சீலோவில். வரம் கேட்டுப் பெற்ற மகன் சாமுவேலைப் பால்குடி மறந்ததும் ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைக்கிறார் அன்னா. ஒப்படைத்ததோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஒரு சிற்றாடை தைத்து எடுத்துக்கொண்டு வருகிறார் (1 சாமுவேல் 2:19). பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தூரத்திலிருந்தே மனத்தில் அளந்து தைத்த ஆடை அது. ஒப்படைத்த பின்னும் தாயின் கண் பிள்ளைமேல் இருந்தது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னதும் இதைத்தான். மழலையர் பள்ளி நமக்குத் துணை நிற்கும். நம் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

மூன்றாம் காட்சியைப் பலரும் கவனித்திருக்க மாட்டோம். ரெபேக்காவை வளர்த்த செவிலித்தாய் இறந்தபோது பெத்தேலுக்குக் கீழே ஒரு கருவாலி மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த மரத்துக்கே அழுகையின் மரம் என்று பொருள்படும் பெயர் வந்தது (தொடக்க நூல் 35:8). எத்தனையோ அரசர்களையும் படைத்தலைவர்களையும் பெயர் சொல்லாமல் கடந்துபோகும் திருநூல், ஒரு குழந்தையைத் தூக்கி வளர்த்த பணிப்பெண்ணின் பெயரை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அவர் பெயர் தெபோரா. அவருக்காக ஒரு குடும்பமே அழுதது.

நமக்கோ நம் பிள்ளையை வளர்க்கும் பெண்ணின் பெயர் தெரியவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் திருஅவையாகிய நாம் நம் வீட்டைப் பார்ப்போம். நம் பள்ளிகளில் எல்.கே.ஜி. இடத்துக்காக நடக்கும் பரபரப்பு ஊரறிந்தது. மூன்று வயதுப் பிள்ளையை நேர்காணல் செய்யும் பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அது ஒழிய வேண்டும். குழந்தைகளைத் தம்மிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார் (மாற்கு 10:14). நம் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு நாம் சீடர்களைப்போல நடந்துகொள்கிறோமா, ஆண்டவரைப்போல நடந்துகொள்கிறோமா?

நம் மழலையர் பிரிவு ஆசிரியைகளின் ஊதியமும் நம் மனச்சான்றின் முன் வைக்கப்பட வேண்டிய ஒன்று. பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை 1891-இலேயே நீதியான கூலியைப் பற்றி எழுதினார். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (யாக்கோபு 5:4). அந்தக் குரல் நம் பள்ளி வளாகங்களில் கேட்கக் கூடாது.

அடுத்து அன்பியங்கள். ஒவ்வோர் அன்பியத்தின் எல்லைக்குள்ளும் ஓர் அங்கன்வாடி இருக்கும். அதை ஒருமுறை எல்லாரும் சேர்ந்து சென்று பார்க்கலாம். கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சுவர் வண்ணம் என்று நம்மால் ஆனதைச் செய்யலாம், ஆகாததற்காக ஊராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, எந்தச் சமயத்தவராயினும் அங்கன்வாடிப் பணியாளரையும் உதவியாளரையும் அழைத்து முன்வரிசையில் அமர வைக்கலாம். சாதியின் பெயரால் அங்கே பிள்ளையை அனுப்பாத வீடு ஏதேனும் நம் பங்கில் இருந்தால், அந்த வீட்டுக்குச் சென்று பேசுவது நம் கடமை.

கடைசியாகப் பெற்றோராகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பிள்ளையை விடும்போது, ஒரு நிமிடம் நின்று, "உங்க பேரு என்னங்க அக்கா?" என்று கேளுங்கள். மாலையில் பிள்ளையிடம் "என்ன எழுதின?" என்று கேட்பதற்குப் பதிலாக, "யாரோட விளையாடின? டீச்சர் என்ன கதை சொன்னாங்க?" என்று கேளுங்கள். குறை இருந்தால் வாட்ஸ்அப்பில் கொட்டாமல் நேரில் சென்று பேசுங்கள். நிறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளையின் முன்னால் ஆசிரியையை ஏளனமாகப் பேசாதீர்கள். நாம் மதிக்காதவரிடமிருந்து பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

அந்த முதல் தாயை இரண்டு வாரம் கழித்து ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்து, "ஃபாதர், பேரு கேட்டுட்டேன்" என்றார். பேச்சைத் தொடர்ந்தபோது சொன்னார்: அந்தப் பணியாளர் 22 ஆண்டுகளாக அங்கே இருக்கிறாராம். தெருவில் இப்போது கல்லூரி போகும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம் வளர்ந்தவர்களாம். "பேரு கேட்டதும் அவங்க கண்ணு கலங்கிருச்சு ஃபாதர்" என்றார்.

அன்பார்ந்தவர்களே, ஒரு பெயரைக் கேட்பதால் ஊதியம் உயர்ந்துவிடாது, கட்டடம் எழுந்துவிடாது. அவற்றுக்காக நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பெயர் தெரியாதவருக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. குழந்தைகளை அணைத்து, அவர்கள்மீது கைகளை வைத்து ஆசி வழங்கிய ஆண்டவர், இன்று நம் பிள்ளைகளை அந்தப் பெண்களின் கைகளால்தான் தூக்குகிறார். அந்தக் கைகளைக் கண்டு மதிப்போம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!